வகுப்பு இல்லாமல் பிரெஞ்சு: நீலகிரியிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

குன்னூரில் உட்கார்ந்தபடியே புத்தகம், ஃபோன், நாலு நண்பர்கள் என்று பிரெஞ்சு கற்றுக்கொண்டவன் நான். கோத்தகிரி, கூடலூர், மஞ்சூர் பக்கமிருந்து கேட்பவர்களுக்கு ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கல்லூரி மாணவர்கள், ஓட்டலில் வேலை செய்பவர்கள், கனடா போக நினைக்கும் நர்ஸுகள், பிள்ளைகள் வளர்ந்த பிறகு ஏதாவது படிக்க ஆசைப்படும் அக்காமார் என்று பலரும் கேட்கிறார்கள். கேள்விகள் மட்டும் பெரும்பாலும் ஒன்றேதான்.

வகுப்புக்கே போகாமல் பிரெஞ்சு வருமா?

படிப்பதும் கேட்பதும் வரும், சந்தேகமே வேண்டாம். எழுதுவதற்குத் திருத்த ஒருவர் வேண்டும். பேசுவதற்கு எதிரில் ஒருவர் வேண்டும். இந்த இரண்டுக்கும் ஆள் கிடைத்துவிட்டால் வகுப்பு இல்லாதது பெரிய குறையே இல்லை.

வகுப்பு இருந்தால் மட்டும் வந்துவிடுமா என்ன? நம் ஊரில் பிளஸ் டூவில் மார்க்குக்காகப் பிரெஞ்சு எடுத்தவர்கள் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாங்கியிருப்பார்கள். ஒரு காபி வேண்டும் என்று பிரெஞ்சில் கேட்கச் சொல்லுங்கள், சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. இரண்டு வருடமும் அந்த மொழியைக் காதால் கேட்காமல், கண்ணால் மட்டுமே பார்த்தார்கள்.

எவ்வளவு காலம் ஆகும்?

ஐரோப்பிய அளவுகோலில் ஆறு நிலைகள்: ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2. ஏ1 என்றால் பெயர், ஊர், விலை கேட்பது. பி1 என்றால் தெரிந்த விஷயங்களைப் பற்றித் தட்டுத்தடுமாறியாவது பேசிவிடலாம். பி2 வந்தால் வேலை, படிப்பு இரண்டுக்கும் ஓரளவு தயார்.

வகுப்புக் கணக்கில் ஏ1-க்கு 60 முதல் 100 மணி நேரம், பி1 முடிய மொத்தம் 350, 400, பி2-க்கு 550-க்கு மேல் என்று பொதுவாகச் சொல்வார்கள். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் தன் அதிகாரிகளுக்குப் பிரெஞ்சில் சுமார் 600, 700 வகுப்பு மணி ஒதுக்குகிறது. அவர்கள் முழுநேரம் படிப்பவர்கள், வீட்டுப்பாடம் அதில் சேராது. வேலைக்குப் போய்க்கொண்டு தினம் ஒரு மணி நேரம் ஒதுக்குபவர் பி1-க்கு ஒன்றரை வருடம் என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். மூன்று மாதத்தில் சரளமாகப் பேச வைக்கிறேன் என்பவரிடம் பணம் கட்டாதீர்கள்.

தினம் அரை மணி நேரம் என்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாலு மணி நேரம் என்பதைவிட எவ்வளவோ மேல்.

எனக்கு இங்கிலீஷ் சுமார்தான். தமிழ் வழியாகவே படிக்க முடியுமா?

தொடங்கலாம். யூடியூபில் தமிழில் பிரெஞ்சு சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பாண்டிச்சேரிக்காரர்களும், பிரான்சில் குடியேறிய தமிழர்களும் அதில் உண்டு. முதல் இரண்டு மாதத்துக்கு அது நல்ல துணை. புதுச்சேரியில் பாதிரியார்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழ்–பிரெஞ்சு அகராதி அச்சிட்டிருக்கிறார்கள், ஆகவே பாதை புதிதல்ல. ஆனால் படிப்படியாகப் பி1 வரை கொண்டுபோகும் முழுப் பாடநூல் என்று தேடினால் ஆங்கிலம் வழியாகவோ, முழுக்கப் பிரெஞ்சிலோதான் நல்லவை கிடைக்கின்றன. அந்தப் புத்தகங்களுக்குத் தேவையான ஆங்கிலம் பத்தாம் வகுப்பு அளவுதான். பயப்பட வேண்டாம்.

எந்தப் புத்தகம் வாங்குவது?

இதற்குத்தான் எல்லோரும் அதிக நேரம் செலவழிக்கிறார்கள். தனியாகப் படிப்பவருக்கு இரண்டு விஷயம் முக்கியம்: ஒலிப்பதிவு இருக்க வேண்டும், விடைகள் இருக்க வேண்டும். இந்தச் சல்லடையில் பாதிப் புத்தகங்கள் விழுந்துவிடும்.

அசிமில் நிறுவனத்தின் புத்தகங்கள் தனியாளுக்காகவே எழுதப்பட்டவை. தினம் ஒரு சிறு உரையாடல், எதிர்ப்பக்கத்தில் மொழிபெயர்ப்பு, கூடவே ஒலி. முதல் பாதியில் கேட்டுப் புரிந்துகொண்டால் போதும். பாதியைத் தாண்டிய பிறகு தினமும் ஒரு பழைய பாடத்துக்குத் திரும்பி, ஆங்கிலப் பக்கத்தைப் பார்த்துப் பிரெஞ்சில் சொல்லிப் பார்க்க வேண்டும். இந்தத் திரும்பிப் போகும் வேலையைச் செய்யாமல் விட்டவர்களே அந்தப் புத்தகத்தைக் குறை சொல்கிறார்கள் என்பது என் கட்சி.

ஆல்தெர் ஏகோ போன்றவை வகுப்பறைக்கானவை. முதல் பக்கத்திலிருந்தே எல்லாம் பிரெஞ்சு, ‘பக்கத்தில் இருப்பவரோடு பேசுங்கள்’ என்ற பயிற்சிகள், விடைகள் ஆசிரியர் கையேட்டில். இரண்டு மூன்று பேர் சேர்ந்து படித்தால் அருமை, தனியாகப் படித்தால் அலுப்பு.

இலக்கணத்துக்குக் கிராமேர் ப்ரோக்ரெசீவ் வரிசை. இடப்பக்கம் விதி, வலப்பக்கம் பயிற்சி. விடைப் புத்தகம் தனியாக விற்கிறது. வாங்கும்போதே அதையும் சேர்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் சரியா தப்பா என்று தெரியாமல் பக்கம் பக்கமாக நிரப்பிக்கொண்டிருப்பீர்கள். பிரான்சிலிருந்து வரும் பிரதி கையைக் கடிக்கும். கோயல் போன்ற டெல்லிப் பதிப்பாளர்கள் உரிமை வாங்கி அச்சிடும் இந்தியப் பதிப்புகள் பாதிக்கும் குறைவான விலையில் கிடைப்பதுண்டு.

இதில் ஒரு பாடநூல், ஒரு இலக்கணம். அவ்வளவுதான்.

என்னிடம் நாற்பது பிடிஎஃப் இருக்கிறது. எதில் தொடங்கலாம்?

முப்பத்தொன்பதை அழிப்பதில். விதைக்கிழங்கை வாங்கிக் குடோனில் அடுக்கிவிட்டு, ஏன் இன்னும் உருளைக்கிழங்கு விளையவில்லை என்று பார்த்துக்கொண்டிருப்பது போல இருக்கிறது இது.

டுவோலிங்கோ மட்டும் போதுமா?

போதாது. கெடுதலும் இல்லை. சொற்களை நினைவில் வைக்கவும், படிக்கும் பழக்கம் விட்டுப்போகாமல் இருக்கவும் உதவும். ஆனால் அது கேட்கும் கேள்விகளுக்குப் பெரும்பாலும் பதில் திரையிலேயே இருக்கும், நீங்கள் பொறுக்கி வைத்தால் போதும். நிஜத்தில் எதிராளி நான்கு விடை காட்டிக்கொண்டு நிற்க மாட்டார். அதன் தொடர் நாள் எண்ணிக்கையைப் பெருமையாகக் காட்டுபவர்களிடம், நேற்று என்ன செய்தீர்கள் என்று பிரெஞ்சில் கேட்டுப் பாருங்கள்.

சொல் நினைவுக்கு என்றால் ஆங்கி என்ற நினைவட்டைச் செயலி இன்னும் கறாரானது. கம்ப்யூட்டரிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். மறக்கப்போகும் நேரம் பார்த்து அட்டையைத் திரும்பக் காட்டும். அடுத்தவர் செய்த ஐயாயிரம் அட்டைக் கட்டை இறக்காமல், உங்கள் பாடத்தில் வந்த வாக்கியங்களை நீங்களே அட்டையாக்குங்கள்.

இலவசமாக நல்ல ஆன்லைன் பாடங்கள் எவை? இங்கே சிக்னல் வேறு பிரச்சினை.

டிவி5மோந்த் என்ற பிரெஞ்சு மொழித் தொலைக்காட்சி, ஏ1 முதல் பி2 வரை நிலைவாரியாகப் பிரித்து வீடியோவும் பயிற்சியுமாக இலவசமாகத் தருகிறது. ஆர்எஃப்ஐ வானொலியில் எளிய பிரெஞ்சில் பத்து நிமிடச் செய்தி உண்டு, எழுத்து வடிவமும் கிடைக்கும். ஏ2 முடித்தவருக்கு இதைவிட நல்ல தினசரிப் பயிற்சி எனக்குத் தெரியாது. உலகச் செய்தி ஏற்கெனவே தமிழில் படித்ததுதானே, பாதி தானாகப் புரியும். மேலே சொன்ன அமெரிக்கப் பயிற்சி நிறுவனத்தின் பழைய பிரெஞ்சுப் பாடமும் ஒலியோடு இலவசமாகக் கிடைக்கிறது. பழைய காலத்துப் பாடம்தான், பேச்சு கொஞ்சம் விறைப்பாக இருக்கும். ஆனால் ஒரு வாக்கியத்தைப் பத்து விதமாக மாற்றிச் சொல்ல வைக்கும் பயிற்சிகள் அதில் இருப்பதுபோல வேறெங்கும் இல்லை.

சிக்னல் விஷயத்துக்கு வருவோம். ஆடி மாதக் காற்றில் மரம் விழுந்து கரண்ட் போனால் இரண்டு நாள் வராத ஊர்களில் நேரலை வகுப்பை நம்ப முடியாது. ஊட்டிக்கோ குன்னூருக்கோ வரும்போது ஒரு வாரத்துக்கான ஒலியை ஃபோனில் இறக்கிக்கொள்ளுங்கள். எழுத்து வடிவத்தை ஒரு பிரிண்ட் எடுத்து வைத்தால் ஃபோனில் சார்ஜ் தீர்ந்தாலும் படிப்பு நிற்காது. மேட்டுப்பாளையம் பஸ்ஸில் கேட்கலாமே என்பவர்களுக்கு: தெரிந்த பாடத்தைத் திரும்பக் கேட்கலாம். புதுப் பாடம் வேண்டாம், கொண்டை ஊசி வளைவும் இன்ஜின் சத்தமும் விடாது.

உச்சரிப்புதான் பயமாக இருக்கிறது.

இதில் தமிழ்க்காரர்களுக்கு உள்ள வசதி பலருக்குத் தெரிவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆங்கிலத்தில் சொல்லின் முதலில் வரும் ப, ட, க ஒலிகளில் காற்று சேர்ந்து வெடிக்கும். பிரெஞ்சில் அது இல்லை. ‘பழம்’, ‘தலை’, ‘கல்’ என்று நாம் எப்படிச் சொல்கிறோமோ அப்படியே சுத்தமாக வரும். அது மட்டுமல்ல, பிரெஞ்சின் ‘டி’ (t) எழுத்து நாக்கை மேல் அண்ணத்தில் மடக்கிச் சொல்லும் ட அல்ல, பல்லில் படும் த. மேசையை ‘தாப்ல்’ என்றால் பிரெஞ்சு, ‘டாப்ல்’ என்றால் கான்வென்ட் ஆங்கிலத்தின் மிச்சம். ஆங்கிலம் அதிகம் பழகாதவர் இந்த இடத்தில் முந்திக்கொள்வார்.

மூக்கால் சொல்லும் உயிரொலிகளைப் பார்த்துப் பலர் மிரள்கிறார்கள். ‘மரம்’, ‘பணம்’ என்று பேச்சில் சொல்லும்போது கடைசி ம்-க்கு உதடு மூடுகிறதா என்று கவனியுங்கள். மூடாது, காற்று மூக்கு வழியாகப் போய்விடும். ‘நல்ல’ என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லான ‘போன்’ அதே வேலைதான். அந்த ன்-ஐ நாக்கு தொடக் கூடாது. இப்படி மூன்று நான்கு ஒலிகள் உண்டு, ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்கக் காது பழக வேண்டும், அது நேரம் எடுக்கும். ஆனால் மூக்கு ஏற்கெனவே தயார்.

சொல்லும் சொல்லும் சேரும்போது புது ஒலி பிறப்பது நமக்குப் புணர்ச்சி, அவர்களுக்கு லியேஸோன். ‘லே’ (ஆங்கில ‘தி’ போல) தனியாக லே. பின்னால் ‘அமி’ (நண்பர்) வந்தால் ‘லேஸாமி’, அந்த ஸ-வில் வண்டு ரீங்காரம் கேட்க வேண்டும். தொல்காப்பியத்தில் புணர்ச்சிக்குப் பல இயல்களையே ஒதுக்கிய மொழிக்காரர்களுக்கு இது அதிசயமாகத் தோன்ற நியாயமில்லை.

கஷ்டமான இடங்களும் உண்டு. உதட்டை ஊ சொல்வது போல் குவித்து, உள்ளே ஈ சொல்ல வேண்டிய ஓர் ஒலி இருக்கிறது. ‘நீ’ என்பதற்கான சொல்லிலேயே அது வருவதால் தப்பிக்க வழியில்லை. இன்னொன்று, தமிழ் எழுத்தில் ப ஒன்றுதான். ரொட்டிக்கும் குளியலுக்குமான பிரெஞ்சுச் சொற்களுக்கு இடையே வித்தியாசம் அந்த முதல் எழுத்தின் அதிர்வு மட்டும்தான். தமிழில் எழுதினால் இரண்டும் ‘பேன்’. அதனால்தான் நோட்டில் உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைக்காதீர்கள் என்கிறேன். இங்கே நான் எழுதுவது ஓர் அடையாளத்துக்கு. காதுக்கு ஒலிப்பதிவுதான் ஆதாரம். தொண்டையில் உரசும் ர வராவிட்டால் கவலைப்பட வேண்டாம். நம்முடைய ர-வை வைத்துச் சொன்னாலும் புரிந்துகொள்வார்கள்.

பயிற்சி ஒன்றுதான்: ஒரு வாக்கியத்தைக் கேளுங்கள், நிறுத்துங்கள், சத்தமாகச் சொல்லி ஃபோனில் பதியுங்கள், இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். சொந்தக் குரலைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். தேயிலைத் தோட்டத்துக்குள் ஒரு நடை போங்கள், அங்கே யார் கேட்கப்போகிறார்கள், காட்டெருமையைத் தவிர? அதுவும் காலையில், ஆள் நடமாட்டம் உள்ள பாதையில்.

மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்கிறார்களே?

காரணம் தேடாதீர்கள். சொல்லை அதன் முன்னால் வரும், ஆங்கில ‘தி’ போன்ற குட்டிச் சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். சில விகுதிகளை வைத்து ஊகிக்கலாம், மீதி பழக்கம்தான். நீ, நீங்கள் வித்தியாசம் அவர்களிடமும் இருக்கிறது, அது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பேச ஆள் எங்கே கிடைக்கும்?

முதலில் பக்கத்தில் தேடுங்கள். உங்கள் நிலையிலேயே இருக்கும் இன்னொருவர் போதும், அவருக்கு உங்களைவிட அதிகம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. குன்னூரில் நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் சந்திக்கிறோம், மழை இல்லாவிட்டால் சிம்ஸ் பார்க்கில். எல்லோரும் ஒரே பாடத்தைப் படித்துவிட்டு வர வேண்டும், முதல் இருபது நிமிடம் பிரெஞ்சு மட்டும், பேசிக்கொண்டிருப்பவரை நடுவில் திருத்தக் கூடாது. குறித்து வைத்து அப்புறம் சொல்லலாம். இருபது நிமிடம் முடிந்ததும் எல்லோரும் தமிழுக்குத் தாவி ஊர்க்கதை பேசுவது நடக்கத்தான் செய்கிறது.

ஆன்லைனில் ஹெலோடாக், டாண்டம் போன்ற செயலிகளில் மொழி மாற்றிக்கொள்ளும் ஆட்களைப் பிடிக்கலாம். தமிழ் கற்க விரும்பும் பிரெஞ்சுக்காரர்கள் குறைவு, ஆங்கிலம் பேசிப் பழக விரும்புபவர்கள் நிறைய. பெண்களுக்கு ஒரு வார்த்தை: தேவையில்லாத செய்திகள் வரும். சொந்த நம்பரும் படமும் கொடுக்காமல், செயலிக்குள்ளேயே குரல் பதிவாகப் பேசுங்கள், பிடிக்காவிட்டால் உடனே தடுத்துவிடுங்கள்.

நேர வித்தியாசத்தையும் கணக்குப் பாருங்கள். பிரான்சில் மாலை ஏழு மணி என்றால் நமக்குக் கோடையில் இரவு பத்தரை, குளிர்காலத்தில் பதினொன்றரை. வார நாளில் சரிவராது. பலரும் யோசிக்காத ஓர் இடம் ரீயூனியன் தீவு. இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரான்சின் ஒரு பகுதி, நம்மைவிட ஒன்றரை மணி நேரம்தான் பின்னால். 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன தமிழர்களின் வழிவந்தவர்கள் அங்கே ஏராளம். தமிழ்ப் பெயர் இருக்கும், பேசுவது பிரெஞ்சும், கிரியோல் என்ற உள்ளூர் மொழியும். அங்கே ஒரு நட்பு கிடைத்தால் பேச விஷயத்துக்குப் பஞ்சமே இருக்காது.

எழுதியதைத் திருத்த சாட்ஜிபிடி போன்றவற்றைப் பயன்படுத்தலாமா என்கிறார்கள். பயன்படுத்தலாம், ஆனால் முதலில் நீங்கள் எழுதிவிட்டு அப்புறம். அதை எழுதச் சொல்லி நீங்கள் படித்தால் அது தான் பிரெஞ்சில் தேறும்.

ஓட்டலில் வேலை செய்கிறேன், கைடு வேலையும் பார்ப்பேன். எவ்வளவு தெரிந்தால் போதும்?

மைசூரிலிருந்து ஊட்டி வழியாகக் கொச்சிக்குப் போகும் குழுக்களில் பிரெஞ்சுக்காரர்கள் வருவார்கள். ஏ2 இருந்தால் மரியாதையாக வேலை ஓடும். மணி, விலை, வழி, சாப்பாட்டில் காரம் உண்டா இல்லையா, வெந்நீர் எப்போது வரும், இவற்றில் தொடங்குங்கள். எண்களில் நேரம் செலவழியுங்கள், எழுபதை அறுபதும் பத்தும் என்றும், எண்பதை நாலு இருபது என்றும் சொல்லும் மொழி அது. கடையில் உள்ள விலைப்பட்டியலைப் பார்த்துச் சத்தமாகப் படியுங்கள். மலை ரயிலைப் பற்றிப் பத்து வாக்கியம் தயாராக வைத்திருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி 46 கிலோமீட்டர், பல்சக்கரப் பாதை, 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. வருபவர்கள் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள்.

கதைப் புத்தகம் எப்போது படிக்கலாம்?

ஏ2 முடிந்ததும் முயன்று பார்க்கலாம். காம்யுவின் அந்நியன் நாவலை வெ. ஸ்ரீராம் நேராகப் பிரெஞ்சிலிருந்து தமிழாக்கம் செய்திருக்கிறார். மூலத்தில் வாக்கியங்கள் குட்டையானவை. பிரெஞ்சு நாவல்களில் வழக்கமாக வரும் இலக்கிய இறந்தகாலத்தை விட்டு, பேச்சில் புழங்கும் இறந்தகாலத்திலேயே பெரும்பாலும் எழுதப்பட்டது. நீங்கள் பாடத்தில் படித்த வடிவம்தான் கண்ணில் படும். ஒரு பத்தி பிரெஞ்சில், அப்புறம் அதே பத்தி தமிழில் என்று வைத்துப் படிக்கலாம். குட்டி இளவரசன் குழந்தைப் புத்தகம், சுலபம் என்று எல்லோரும் சொல்வார்கள். அதில் அந்த இலக்கிய இறந்தகாலம் வரும், தொடக்கக்காரர் தடுக்கி விழுவார். இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

நீலகிரிக்கும் பிரெஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்று வீட்டில் கேலி செய்கிறார்கள்.

நிறையவே இருக்கிறது. வானியலாளர் ழான்சென், 1871 டிசம்பர் 12 அன்று முழுச் சூரிய கிரகணத்தைப் பார்க்க ஊட்டிக்குப் பக்கத்துச் சோலூரைத் தேர்ந்தெடுத்து வந்து, அங்கிருந்து சூரியனின் ஒளிவட்டத்தை ஆராய்ந்தார். நாந்த் நகரில் பிறந்த எலேன் த ஷப்போத்தேன் 1877-இல் ஊட்டியில்தான் பிரான்சிஸ்கன் மரியாளின் மிஷனரிகள் சபையைத் தொடங்கினார். புதுச்சேரியிலிருந்த தாவரவியலாளர் பெரோத்தே இந்த மலைகளில் செடி சேகரித்தார். பிரான்ஸ் தேசிய நூலகத்தின் காலிக்கா தளத்தில் 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு நூல்களும் அறிவியல் இதழ்களும் இலவசமாகக் கிடக்கின்றன. பி2 வந்ததும் அதில் நம் ஊர்ப் பெயர்களைத் தேடிப் பாருங்கள். எழுத்துக்கூட்டல் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும்.

கனடாவுக்கு டெல்ஃப் (பிரெஞ்சு அரசு தரும் மொழிச் சான்றிதழ்) போதுமா?

குடியேற்றத்துக்குப் போதாது. எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியில் பிரெஞ்சுக்கு டெஃப் கனடா அல்லது டிசிஎஃப் கனடா தேர்வைத்தான் ஏற்கிறார்கள், மதிப்பெண் இரண்டு வருடம் செல்லும். 2023 முதல் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்றே தனி அழைப்புச் சுற்றுகளும் நடக்கின்றன. அதற்கு எதிர்பார்க்கும் நிலை ஏறக்குறைய பி2. டெல்ஃப் ஆயுளுக்கும் செல்லும், பிரான்சில் படிக்க அது பயன்படும். விதிகள் அடிக்கடி மாறுபவை, ஏஜென்ட் சொல்வதை நம்பாமல் கனடா அரசின் தளத்தில் நீங்களே பாருங்கள்.

தேர்வு எங்கே எழுதுவது? தேறுவது கஷ்டமா?

டெல்ஃபில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்குக்கும் தலா 25. மொத்தம் 50 வாங்கினால் தேர்ச்சி, ஆனால் எதிலும் ஐந்துக்குக் கீழே போகக் கூடாது. தனியாகப் படிப்பவர்கள் வாசித்தலில் அள்ளிவிடுவார்கள், எழுதுதலில் சறுக்குவார்கள். கடைசி இரண்டு மாதம் வாரம் இரண்டு கடிதமாவது நேரம் வைத்து எழுதி யாரிடமாவது திருத்தம் வாங்குங்கள். மாதிரி வினாத்தாள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.

மலையில் மையம் கிடையாது. சென்னை, புதுச்சேரியில் உள்ள அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழி மையங்களில் எழுதலாம். மேட்டுப்பாளையத்தில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் சென்னை சென்ட்ரல். கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு மைசூர் வழியாகப் பெங்களூரு அலியான்ஸ் பக்கம். பேச்சுத் தேர்வை வேறு நாளில் வைப்பதும் உண்டு, அட்டவணை வந்த பிறகு திரும்பும் டிக்கெட் எடுங்கள்.